வலிமை வளரும் வழி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே அமைந்துள்ள கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் அம்மலைச் சிற்றூர்களில், விளைபொருளையும் விறகையும் சுமந்து மேடேறுதல் வாழ்வின் ஓர் அங்கம். சிறுவயதில் சிறிய கட்டு. வளர வளரப் பெரிய கட்டு. உடல் வலிமையும் இவ்வாறே படிப்படியாக வளர்கிறது. எடைப் பயிற்சியைத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவே.

மரபும் அறிவியலும்

தமிழர் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். தென்மாவட்ட ஊர்களில் இளைஞர் தூக்கிப் பழகிய உருண்டைக் கல் இளவட்டக்கல் எனப்பட்டது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது ஆண்களும் பெண்களும் இன்றும் இக்கல்லைத் தூக்குகின்றனர். அங்குள்ள கற்கள் வெவ்வேறு எடையுடையவை. தண்டால், கர்லாக்கட்டை போன்ற பயிற்சிகளும் நம் மரபில் உண்டு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயமுற்ற படைவீரர்களுக்கு எடைப் பயிற்சி அளித்தார். தசை வலுப்பெறுந்தோறும் எடையைக் கூட்டிச் செல்வது அவர்தம் முறை. இன்றைய பயிற்சி முறைகளுக்கு அதுவும் ஓர் அடித்தளமாயிற்று.

உடலில் நிகழ்வது

பழகிய அளவைவிடச் சற்றே மிகுதியான சுமையைத் தாங்கும்போது தசை தூண்டப்படுகிறது. முதற்சில வாரங்களில் கூடும் வலிமைக்கு நரம்பு மண்டலமே பெரிதும் காரணம். தசைநார்களை ஒருங்கே இயக்க அது கற்றுக்கொள்கிறது. தசையின் பருமன் பின்னரே புலப்படும். ஆகவே, ஒரு மாதத்தில் தோற்றம் மாறவில்லையென மனம் தளர்தல் வேண்டா.

பயிற்சி தூண்டுகிறது, ஓய்வே வளர்க்கிறது. உறக்கமும், பயறு, நிலக்கடலை, முட்டை, பால் போன்ற புரத உணவுகளும் இவ்வளர்ச்சிக்குத் துணைபுரிகின்றன.

தொடங்கும் முறை

தொடக்க நிலையில் தம் உடலெடையே போதுமான சுமையாகும். உட்கார்ந்து எழுதல், தண்டால் ஆகியவற்றைச் சரியான நிலையில் செய்யப் பழக வேண்டும். எடையைக் கையாளும்போது, நிலை குலையாமல் 8 முதல் 12 முறை தூக்கக்கூடிய அளவே ஏற்றது. 12 முறையும் எளிதானபின் சிறிதளவு கூட்டலாம். தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். முதுகை வளைத்தல் கூடாது. கூர்மையான வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் பயிற்சி தராமல் இடையில் ஒருநாள் ஓய்வளித்தல் நன்று.

5 முதல் 17 வயதினர் வாரத்தில் 3 நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. இஃது இருபாலர்க்கும் பொதுவானது.

உழைப்பும் பயிற்சியும்

மூட்டை சுமப்போரும் வயலில் உழைப்போரும் வலிமையுடையவரே. எனினும் உழைப்பில் சுமையின் அளவை வேலையே முடிவு செய்கிறது. களைத்த நாளிலும் ஓய்வு கிடைப்பதில்லை. பயிற்சியில் அளவும் ஓய்வும் நம் கையில் உள்ளன. விடுமுறையில் வயல்வேலை செய்யும் மாணவர், அவ்வுழைப்பையும் கணக்கிற்கொண்டு பயிற்சியைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அதில் ஒரே தூக்கில் அவர் உயர்த்திய 179 கிலோ, அப்பிரிவின் எடையளவைப் போல் இருமடங்கினும் மிகுதி. அத்தகைய எடையை முதல்நாளே எவரும் தூக்குவதில்லை. பயிற்சி தொடங்கும் மாணவர் ஒரு குறிப்பேட்டில் அன்றாடம் தூக்கிய எடையையும் முறைகளையும் எழுதிவருதல் நன்று. அடுத்து எவ்வளவு கூட்டலாம் என்பதை அக்குறிப்பே காட்டும். அருகில் நிற்பவர் தூக்கும் எடையைப் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை.