வயது ஏறும்போது குறைவது விரலின் வேகமா, ஆட்டத்தின் சுவையா?

எதிரே அமர்ந்திருக்கும் அல்லது இணையத்தின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு மனிதரை வெல்வதையே நோக்கமாகக் கொண்ட போட்டி வீடியோ கேம்களில் பல ஆண்டுகள் ஊறியவர்கள், முப்பது வயதை நெருங்கும்போது பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கின்றனர்: முன்பு எளிதாக வென்ற எதிராளிகளிடம் இப்போது தோற்க நேர்கிறது, தோல்வி கூடக்கூட ஆட வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. வயதாகிவிட்டது, விரல் ஓடவில்லை என்று அதற்கு அவர்களே காரணமும் சொல்லிக்கொள்கின்றனர். அந்தக் காரணம் முழுப் பொய்யன்று. ஆயினும் திறன் குறைவதும் சுவை குறைவதும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை அல்ல என்பதையும், இரண்டிலும் உடலின் மூப்புக்குள்ள பங்கு பலர் அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று என்பதையும், இத்துறை பற்றிய ஆய்வுகளும் முதல்நிலை ஆட்டக்காரர்களின் வரலாறும் காட்டுகின்றன.

வயதுக்கும் ஆட்ட வேகத்துக்கும் உள்ள உறவை அளந்த ஆய்வுகளுள் மிகுதியாகப் பேசப்பட்டது, கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் தாம்சன், மார்க் பிளேர், ஆண்ட்ரூ ஹென்ரி ஆகியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வாகும். 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேர் ஆடிய ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆட்டங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சதுரங்கத்தில் இருப்பதுபோல் ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தாமல், இரு தரப்பாரும் ஒரே நேரத்தில் கனிமம் சேர்த்து, படை திரட்டி, போரும் நடத்த வேண்டிய இவ்வகை ஆட்டத்தை நிகழ்நேர வியூக ஆட்டம் என்பர். இதன் பதிவுக் கோப்பில் ஆட்டக்காரர் பிறப்பிக்கும் ஒவ்வொரு கட்டளையும் அதன் நேரத்தோடு பதிவாகிவிடுவதால், ஆய்வுக்கூடத்து மணியையும் விளக்கையும் நம்பாமல், உண்மையான போட்டியில் மனிதர் காட்டும் வேகத்தையே அளக்க முடிந்தது. திரையில் வரைபடத்தின் புதியதோர் இடத்துக்குப் பார்வையை மாற்றிய கணத்திலிருந்து அங்கே முதல் கட்டளையைப் பிறப்பிக்கும் கணம் வரை எவ்வளவு நேரம் கழிகிறது என்பதே அவர்களின் அளவுகோல். அந்த இடைவெளி 24 வயதையொட்டி மெல்ல நீளத் தொடங்குகிறது என்பதும், ஆட்டத்தில் எவ்வளவு தேர்ந்தவராயினும் அந்த நீட்சியிலிருந்து தப்புவதில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள்.

இருபத்து நான்கு வயதிலேயே மனிதர் முடிந்துபோகிறார் என்ற தொனியில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த ஒப்பீடு பல்வேறு திறன் நிலைகளில் உள்ளவர்களை, அதாவது அந்த ஆட்டம் ‘லீக்’ என்று பிரித்து வைத்திருக்கும் படிநிலைகளை, கணக்கில் எடுத்துக்கொண்டே செய்யப்பட்டது என்பதைப் பரப்பியவர்கள் கவனிக்கவில்லை. ஒரே படிநிலையில் இருக்கும் இருவரின் மொத்த வல்லமையும் ஏறத்தாழச் சமம் என்று கொண்டால், அவர்களுள் மூத்தவர் கணநேரம் தாமதமாகக் கை நீட்டியும் இளையவரோடு சமமாக நிற்கிறார் என்பதே அந்தப் புள்ளிவிவரத்தின் மறுபக்கமாகிறது. இழந்த நேரத்தை அவர் வேறெங்கோ ஈட்டியிருக்க வேண்டும். ஒரு படைப்பிரிவையே ஒற்றைத் தட்டலில் அழைக்கும் குறுக்கு விசைகள் போன்ற, மூளையின் சுமையைக் குறைக்கும் வசதிகளை மூத்தவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தி ஈடுகட்டுகின்றனர் என்பதற்கான தடயங்களை ஆய்வாளர்களே சுட்டியுள்ளனர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ஆய்வு ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன்று, வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் வைத்து ஒப்பிட்டது.

இவ்வாறு ஈடுகட்டுவது கணினி ஆட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியலாளர் திமோதி சால்ட்ஹவுஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். விளக்கு எரிந்ததும் விசையைத் தட்டுவது போன்ற சோதனைகளில் முதியவர்கள் பின்தங்கினர். ஆனால் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேகத்தில் அவர்கள் இளையவர்களுக்குக் குறையவில்லை. விரல் ஓர் எழுத்தில் இருக்கும்போதே கண் அதற்குப் பல எழுத்துகள் முன்னே ஓடிக்கொண்டிருந்ததும், அந்த இடைவெளி முதியவர்களிடம் அதிகமாக இருந்ததும் அதற்கு அவர் கண்ட காரணங்கள். அனுபவம் விரலை வேகமாக்கவில்லை; விரல் வேகமாக இருக்க வேண்டிய தேவையைக் குறைத்தது.

போட்டி ஆட்டங்களின் வரலாற்றில் இதற்கு மிகச் சிறந்த சான்று, 2004ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நடந்த ‘ஈவோ’ போட்டியில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்டிரைக்’ ஆட்டத்தில், ஜப்பானின் உமேஹாரா டைகோவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதிய சில நொடிகளாகும். இத்தகைய சண்டை ஆட்டங்கள் நொடிக்கு 60 படங்களாக ஓடுபவை. டைகோவின் பாத்திரத்துக்கு உயிர்க்கோடு ஏறத்தாழத் தீர்ந்துவிட்டிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் சிறப்புத் தாக்குதல்கள் சிறிதளவு உயிரைக் குறைத்துவிடும் என்பதால், அவருக்குத் தடுப்பதும் தோல்விதான். எஞ்சியிருந்த ஒரே வழி ‘பாரி’: அடி வந்து விழும் நேரத்தில் பின்வாங்காமல் எதிராளியை நோக்கியே கைப்பிடியைத் தட்டினால் சேதமே இல்லாமல் அந்த அடி விலகும். வோங் ஏவியது 15 அடிகள் கொண்ட தொடர் தாக்குதல். டைகோ அத்தனையையும் தட்டிவிட்டுத் திருப்பியடித்து அந்தச் சுற்றை வென்றார். அரங்கம் எழுந்து கூச்சலிடும் அந்தக் காணொளி இன்றும் பார்க்கப்படுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: அத்தாக்குதல் தொடங்குவதைக் கண்டபிறகு கை அசைத்தால் முதல் அடியைத் தட்டிவிட நேரம் போதாது. அது வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து, வரவைக்கும்படி நின்று, வருவதற்கு முன்பே டைகோ கைப்பிடியைத் தட்டினார். உலகமே அனிச்சை வேகத்தின் உச்சமென்று கொண்டாடும் காட்சி, உண்மையில் எதிராளியின் மனத்தைப் படித்ததன் விளைவாகும்.

தென் கொரியாவின் லீ சாங்-ஹியோக்கின் வரலாறும் வயதுக் கணக்கைக் கலைப்பதே. 1996இல் பிறந்து, ‘ஃபேக்கர்’ என்ற பெயரில் ஆடும் அவர், ஐவர் அணியாக மோதும் ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ ஆட்டத்தில் 2013, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்றார். பின்னர் 2017இலும் 2022இலும் இறுதிப் போட்டியில் தோற்றார். எதிர்வினை வேகம் உச்சத்தில் இருக்க வேண்டிய 21 முதல் 26 வயது வரையிலான காலத்தில் ஓர் உலகக் கோப்பைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, தம் 27, 28, 29ஆம் வயதுகளில், மீண்டும் வென்றார். ஐவரின் வெற்றியை ஒருவர் கணக்கில் எழுதுவது முறையன்று. எனினும் 2023இல் கைவலியால் அவர் ஒதுங்கியிருந்தபோது அவரது டி1 அணி 8 போட்டிகளில் 1 மட்டுமே வென்றது என்பதையும் மறைக்க இயலாது. எப்போது மோதுவது, எப்போது விலகுவது என்று அணிக்குச் சொல்லும் அறிவு விரலில் இருப்பதன்று.

உடல் முதலில் தளரும் இடம் மூளையைவிடப் பெரும்பாலும் மணிக்கட்டும் தோளும்தான் என்று சொல்லலாம். ஸ்டார்கிராஃப்டின் மாபெரும் ஆட்டக்காரரான லீ யங்-ஹோ, பத்தொன்பது வயதில், 2011ஆம் ஆண்டிலேயே வலக்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். சீனாவின் ‘உஸி’ எனப்படும் ஜியன் ஸிஹாவ் 2020இல், இருபத்து மூன்று வயதில், நீரிழிவு நோயைக் காரணம் காட்டி ஓய்வை அறிவித்தார். இவை முதுமையின் அடையாளங்கள் அல்ல; ஒரே அசைவை நாளெல்லாம் செய்ததன், உறக்கமும் உணவும் சீர்கெட்டதன் விளைவுகள்.

தொழிலாக ஆடாத சாதாரண ஆட்டக்காரரிடம் திறன் குறைவதற்குக் காரணம் இன்னும் எளிது: நேரம். வேலையும் குடும்பமும் வந்தபின் மாலையில் எஞ்சும் ஒரு மணி நேரம், கல்லூரி விடுமுறையின் முழு நாளோடு போட்டியிட முடியாது. அதற்குள் ஆட்டமும் மாறிவிடுகிறது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் 2009இல் 40 பாத்திரங்களோடு வெளிவந்தது. இன்று அவற்றின் எண்ணிக்கை 160ஐத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அவற்றின் வலிமையும் விதிகளும் திருத்தப்படுகின்றன. சதுரங்கம் கற்றவர் இருபது ஆண்டு கழித்துத் திரும்பினாலும் குதிரை அதே வழியில்தான் தாவும். இங்கே சென்ற ஆண்டின் அறிவே பழையதாகிவிடுகிறது. மேலும், முன்பு தானே தடவித் தடவிக் கண்டறிய வேண்டியிருந்த உத்திகள் எல்லாம் இன்று காணொளிகளாகக் கிடைப்பதால், புதிதாக வரும் பதினாறு வயதுச் சிறுவரே தேர்ந்தவராக வருகிறார். களத்தின் தரம் உயர்ந்திருக்க, தம் தரம் தாழ்ந்ததாக மூத்தவர் எண்ணிக்கொள்கிறார்.

சுவை குறைவது இதைவிட நுட்பமானது, இதைவிட வருத்தத்துக்குரியதும்கூட. இன்றைய போட்டி ஆட்டங்கள் பலவும், ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் அர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்ததும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டதுமான புள்ளி முறையின் வழிவந்த ஏற்பாடுகளைப் பின்பற்றுகின்றன. வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். அருகருகே புள்ளி உள்ளவர்களையே அந்த ஏற்பாடு மோதவிடும். இதன் விளைவாக எந்த நிலையில் உள்ளவரும் நாளடைவில் பாதி ஆட்டங்களை வென்று பாதியைத் தோற்பார். ஆகவே திறன் சற்றுக் குறைந்தவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருப்பதில்லை. ஒருபடி இறங்கி, தமக்கு நிகரானவர்களோடு முன்புபோலவே விறுவிறுப்பாக ஆட இடம் உண்டு. அவ்வாறு ஆடவிடாமல் தடுப்பது, பெயருக்குப் பக்கத்தில் படிநிலையைக் காட்டும் பதக்கச் சின்னம். சில ஆட்டங்களின் மேல்படிகளில், ஆடாமல் இருந்தாலே புள்ளி தேயும்படி வைத்திருப்பதால், பொழுதுபோக்கு ஒரு கடமையாகவே ஆகிவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் வெகுமதி உள்ளார்ந்த விருப்பத்தை அரித்துவிடும் என்பதை உளவியலாளர் எட்வர்டு டெசி 1971இலேயே சோதித்துக் காட்டினார்: புதிர்க் கட்டைகளைச் சேர்ப்பதற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின், ஓய்வு நேரத்தில் அவற்றைத் தொடுவதே குறைந்தது. பின்னாளில் அவரும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாடு, மனிதரின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, பிறரோடு இணைந்திருக்கிறோம் என்ற உணர்வு. முப்பதைக் கடந்தவரிடம் முதலாவது சற்றுக் குறைகிறது என்பது உண்மை. ஆனால் கூட ஆடிய நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிவிட, முகம் தெரியாதவர்களோடு ஆட நேர்வதால் மூன்றாவது அடியோடு போய்விடுகிறது. அந்த இழப்பையும் விரலின் மீதே சுமத்துவது தவறான கணக்கு.

1981இல் பிறந்த டைகோ, மேலே சொன்ன புகழ்பெற்ற மோதலுக்குப் பின்னர், இருபத்து மூன்று வயதில், வேகம் உச்சத்தில் இருந்தபோதே ஆட்டத்தை விட்டு விலகினார். சில காலம் மாஜோங் ஆடினார். பிறகு முதியோரைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தார். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ வந்தபின் மீண்டும் ஆடத் தொடங்கிய அவர், 2009இலும் 2010இலும் ஈவோ பட்டத்தை வென்றதோடு தொழில்முறை ஆட்டக்காரராகவும் ஆனார். கை தேர்ந்திருந்த வயதில் மனம் விலகியதும், மனம் திரும்பியபோது கை ஒத்துழைத்ததும், திறனும் சுவையும் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழ்பவை அல்ல என்பதற்குப் போதிய சான்று.

ஜப்பானின் அகிதா நகரில், அறுபது வயதைக் கடந்தவர்களைக் கொண்ட ‘மாதாகி ஸ்னைப்பர்ஸ்’ என்ற வீடியோ கேம் அணி 2021இல் தொடங்கப்பட்டது. ஸ்வீடனில் ‘சில்வர் ஸ்னைப்பர்ஸ்’ என்ற முதியோர் அணி அதற்கும் முன்பே இயங்கியது. இவை செய்தியாவதே அரிதாக இருப்பதால்தான். தடகளத்தில் மூத்தோர் பிரிவு 35 வயதில் தொடங்கி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, உலக அளவில் பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது. அதில் ஓடுபவரை இருபது வயது வீரரோடு ஒப்பிட்டு யாரும் குறை சொல்வதில்லை. ஆட்ட நிறுவனங்களும் போட்டி அமைப்பாளர்களும் அத்தகைய பிரிவுகளைப் பரவலாகத் தொடங்க வேண்டும். பதக்கச் சின்னத்தை மறைத்து வைத்துக்கொண்டே நிகரானவரோடு ஆடும் வசதியை எல்லா ஆட்டங்களிலும் தர வேண்டும். அதுவரை, வயதைக் காரணம் காட்டி ஆட்டத்தை விட எண்ணுவோர், விடுவதற்கு முன் பழைய நண்பர்கள் இருவரையேனும் அழைத்து ஒரு மாதம் ஆடிப் பார்க்கட்டும்.