கப்பலில் முதல் நாள்

ரயிலேறிப் பழகிய நமக்குக் கப்பலேறுவது புதுமையே. மும்பை பாலார்ட் பியரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் அண்மையில் குடும்பத்துடன் சென்று வந்தேன். இனிச் செல்லவிருக்கும் சங்க அன்பர்களுக்குப் பயன்படுமென்று சில விவரங்களைக் கூறுகிறேன்.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே அடையாளச் சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரமாகலாம். ஆகவே மருந்து, அடையாள அட்டை, குழந்தைகளின் மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருத்தல் நலம். தலைசுற்றலுக்கு அஞ்சுவோர் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்பாராக. அங்கு ஆட்டம் குறைவு.

ஏறியவுடன் எல்லோரும் நாடுவது சாப்பாட்டுக் கூடத்தை. முதலில் அறிய வேண்டியதோ, ஆபத்துக் காலத்தில் கூடும் இடத்தை! ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அங்கே சென்று சேரவேண்டும். அதற்கான பயிற்சிக்கு அழைத்தபோது, "இது என்ன பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்தார் என் மாமனார். அவருக்குப் பழைய செய்தியொன்றை நினைவூட்டினேன்.

2012 ஜனவரி 13 அன்று, இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அன்றுதான் ஏறியிருந்த சுமார் 700 பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதுமென்பது அந்நாளைய விதி. 2015 முதல், புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டுமென்று மாற்றினார்கள்.

மாமனார் மறுமொழி கூறவில்லை. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார்.

அன்பர்களே, நீங்களும் அறையிலிருந்து அவ்விடம் வரை, மின்தூக்கியை நாடாமல் படிக்கட்டு வழியே, குழந்தைகளுக்கு ஒருமுறை நடந்து காட்டுங்கள். அதன்பின் உண்ணும் சோறு நிம்மதியாக இறங்கும்.