குருவிக்கு ஒரு பங்கு

பனி பெய்யும் மேனாடுகளில், இளவேனிலின் தொடக்கத்தே, குளோவர் என்னும் மூவிலைப் பயிரின் வித்தை உறைந்த நிலத்தின்மீது தூவிவிடுவர். இரவில் உறைந்தும் பகலில் இளகியும் நிலம் வெடிப்புறுங்கால் வித்துத் தானே மண்ணுட் புகும். அவரையினத்ததாகிய அப்பயிர், தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால், காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உரமாக்கும். மானுக்கும் முயலுக்கும் தழையும், தேனீக்குத் தேனும் நல்கும். ஆயினும், அங்ஙனம் விதைப்போர் பலரின் நோக்கம் வேட்டையே.

வேட்டை கருதாது காட்டுயிர்க்குப் பங்கு விட்ட வழக்கம் நம் நாட்டிலேயே உண்டு. இலங்கையின் உலர் வலயத்துக் குளக்கிராமங்களில் அதனைக் 'குருலு பாளுவ' என்பர். குளத்தின் கீழ் விரிந்த வயலில் ஒரு கூற்றைப் பறவைகளுக்கென ஒதுக்கி, அங்கு விளைந்த நெல்லைக் காவாது விடுவர். பறவைகள் அங்கே பசியாற, ஏனைய வயல்கள் பிழைத்தன. காட்டினுள்ளே, பாசனத்துக்கன்றி, விலங்குகள் நீருண்ணவும் வண்டல் தங்கவும் 'குளுவெவ' என்னும் சிறுகுளமும் அமைத்தனர். இக்குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது.

'பாளுவ' என்னும் சிங்களச் சொல், நம் 'பாழ்' என்பதனோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்து நிற்றலை நோக்குக. இழப்பு வருமென்பதை முன்னரே கணக்கிலிட்டு, அதனை ஊரார் பொதுவில் ஏற்றனர். அவ்வழக்கின் உயிர்நிலை இதுவே.

இனி, எம் கம்பளைக்கு வருவோம். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார், நாட்டின் தொடக்ககாலக் கோப்பித் தோட்டங்களுள் ஒன்றை இங்குள்ள சிங்ஹபிட்டியவில் திறந்தார். கோப்பிக்காக மலைக்காடுகள் அழிந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை வந்தது, காடு மீளவில்லை. காட்டுக் கனியை இழந்த குரங்கு இன்று வீட்டுத் தோட்டத்து வாழையையும் தெங்கின் குரும்பையையும் நாடுகின்றது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி தொடங்கி ஐந்து நிமிடம், அரசின் ஏற்பாட்டில், மக்கள் தத்தம் காணிகளில் நின்று குரங்கு, மயில், மலையணில் முதலியவற்றை எண்ணினர். எண்ணியது சரி, எண்ணியபின் என் செய்வது?

குருவிக்கு விட்ட பங்கு குரங்குக்கும் பொருந்துமோ என்பார் உளர். தக்க வினாவே. தனியொருவன் தன் காணியில் பழத்தை விட்டுவைத்தால், அயலானின் வாழையும் அழியும். ஆதலின், பயிரேறாத சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும், குடியிருப்புக்கு அப்பால், அத்தியும் நாவலும் போன்ற கனிமரங்களை ஊரார் கூடி வளர்த்தல் வேண்டும். அவை காய்க்கும்வரை நேரும் சேதத்தை அரசும் ஊரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். இரண்டு தெங்கே வாழ்வெனக் கொண்ட ஏழைக்கு ஜீவகாருண்யம் போதித்தல் எளிது. அவன் இழப்பில் பங்கேற்றலே அரிது.

உணவைப் பல்லுயிரோடும் பங்கிடுதலை அறங்களுள் தலையாயதாக வைத்தார் வள்ளுவர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை வகுப்புதோறும் புகழ்ந்துரைக்கின்றோம். அவன் ஈந்தது தன் போர்வையை. அயலான் போர்வையை அன்று.