ஒரே மூலக்கூறு, பல புள்ளிகள்

2014-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோரின் நுண்ணோக்கியியல் குறித்த வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மூலக்கூறுதானா?

கருவி விற்போர் பெருமையுடன் சொல்லும் ‘20 நானோமீட்டர் துல்லியம்’ என்பது, மங்கலான ஓர் ஒளிப்பொட்டின் மையத்தைக் கணக்கிடுகையில் நேரும் பிழையின் அளவு மட்டுமே. பொட்டின் திட்டவிலக்கம் 100 நானோமீட்டர் எனக் கொண்டால், 100 ஃபோட்டான்கள் சேர்ந்ததும் அப்பிழை, ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபட்டு, 10 நானோமீட்டராகச் சுருங்கும். பின்னணி ஒளி அதைச் சற்றுக் கூட்டும். ஆனால் அப்பொட்டு ஒரே மூலக்கூறிலிருந்து வந்தது என்பதை இக்கணக்கு நிறுவுவதில்லை, முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது.

சிக்கல் மினுக்கத்தில் இருக்கிறது. எம்இயோஸ்2 போன்ற ஒளிர்புரதம் சிறிது நேரம் ஒளிர்ந்து, அணைந்து, மீண்டும் ஒளிரும்போது, மென்பொருள் அதைப் புதிய மூலக்கூறாகப் பதிவு செய்ய, தனித்திருக்கும் ஒரு புரதமும் செல்சவ்வில் திரண்ட கூட்டமாகத் தோன்றிவிடுகிறது. இதைத் தவிர்க்க, குறிப்பிட்ட இருள்நேரத்துக்குள் அதே இடத்தில் திரும்பும் ஒளியெல்லாம் ஒரே மூலக்கூறுடையது என ஒரு வரம்பு வைக்கிறார்கள். வரம்பு குறுகினால் ஒன்று பலவாகும், நீண்டால் அண்டை மூலக்கூறுகள் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆக, எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஆய்வாளர் தேர்ந்த வரம்பே என்பது கவலைக்குரியது. 2011-இல் லோசான் நகர ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட வழி நுட்பமானது: ஒரே வரம்பை நம்பாமல், வரம்பைப் படிப்படியாக நீட்டி, எண்ணிக்கை சரியும் வளைகோட்டை மினுக்கத்தின் கணித மாதிரியோடு பொருத்தி, உண்மையான எண்ணிக்கையை அதிலிருந்து மதிப்பிட்டார்கள். அம்மாதிரியும் ஓர் ஊகம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு பொட்டு ஒரே மூலக்கூறுடையது என்பதற்கு வேறு சான்று உண்டா? ஒரு மூலக்கூறு ஒரே கணத்தில் இரு ஃபோட்டான்களை உமிழாது என்பதால், ஒளியைப் பிரித்து இரு உணர்விகளுக்கு அனுப்பும்போது அவை ஒருசேரத் துடிக்காமை வலுவான சான்று.

படிப்படியாக ஒளி அணைவதை எண்ணலாமா? சில மூலக்கூறுகளே இருந்தால் எண்ணலாம்.

புரதக் கூட்டங்களைக் காட்டும் படம் கண்ணில் பட்டால், இருள்நேர வரம்பு எவ்வளவு என்று ஆய்வறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறதா என்பதை வாசகர் முதலில் பார்க்க வேண்டும். வரம்பைக் குறிப்பிடாத எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை.