நெருப்பு வைத்தவன் போன பிறகும்

1982இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பேசவும் அசையவும் முடியாமல் உறைந்துபோனார்கள். திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். பெரும்பாலும் அறுபதை ஒட்டி மெல்லத் தலைகாட்டும் நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், இவர்களுக்குச் சில நாட்களிலேயே முற்றிய நிலையில் வந்திருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனின் குழு 1983இல் காரணத்தை வெளியிட்டது: அந்தச் சரக்கில் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. நம் அசைவுகளைச் சீராக்கும் டோபமைனைச் சுரக்கிற நடுமூளை செல்களை அது தேடிப்பிடித்துக் கொல்லும்.

கதையை வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு வியப்பு 1999இல் வந்த பின்கதைதான். அவர்களில் மூவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தார்கள். ஊசி போட்டு 3 முதல் 16 ஆண்டுகள் கடந்திருந்தன. நஞ்சு எப்போதோ உடலைவிட்டுப் போயிருக்கும். ஆனால் மைக்ரோகிளியா எனும் மூளையின் காவல் செல்கள் இன்னும் கிளர்ந்த நிலையில் நரம்பு செல்களைச் சூழ்ந்திருந்தன, அழிவும் நிற்கவில்லை. நெருப்பு வைத்தவன் போய்விட்டான், கூரை எரிந்துகொண்டிருந்தது.

ஆபத்தை உணர்ந்த மைக்ரோகிளியா, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்களை வெளியிடும். செல்லுக்குச் செல் தகவல் சொல்லும் புரதங்கள் இவை. அளவு மிஞ்சினால் நரம்பு செல்லையே சாகடிக்கும்; செத்த செல்லிலிருந்து கசிவது அடுத்த மைக்ரோகிளியாவை உசுப்பும். நஞ்சு தொடாத, சாதாரண நடுக்குவாத நோயாளிகளின் நடுமூளையிலும் இதே கிளர்ச்சியை, அதாவது அழற்சியை, மெக்கீர் தம்பதியின் கனடா ஆய்வகம் 1988லேயே பார்த்திருந்தது.

2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு குடலிலிருந்து தொடங்கியது. அழற்சிக் குடல் நோயாளிகளுக்கு நடுக்குவாதம் 28 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அவர்களிலேயே டி.என்.எஃப். தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட 78 சதவீதம் குறைவு. பதிவேடுகளில் தெரிந்த தொடர்புதான் இது, நிரூபணம் அல்ல. ஆனாலும் யோசிக்க வைக்கிறது: அந்த மருந்தின் மூலக்கூறு பெரியது, ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அப்படியானால் மூளையின் அழற்சிக்குக் குடலும் எண்ணெய் ஊற்றுகிறதா?

எல்லோருக்கும் டி.என்.எஃப்.பை அடைத்துவிடலாமே என்றால், அதுவும் ஆகாது. நரம்புகளைச் சுற்றிய உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்த சோதனையில் நோய் அடிக்கடி தாக்கியது. செல்லிலிருந்து பிரிந்து மிதக்கும் டி.என்.எஃப். அழற்சியைத் தூண்டுகிறது, செல்லின் சவ்வில் ஒட்டியிருப்பதோ நரம்புறையைப் பழுதுபார்க்க உதவுகிறது. அதனால் மிதப்பதை மட்டும் முடக்கும் மூலக்கூறுகளை வடிவமைத்தார்கள். எலிகளில் அவை டோபமைன் செல்களின் இழப்பைக் குறைத்திருக்கின்றன.