தொப்பிக் கடையிலிருந்து உளவு வேலைக்கு

1943ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில், மெட்மனம் என்ற ஊரருகே, விமானப்படை எடுத்துக்கொண்ட ஒரு மாளிகை. உள்ளே ஒரு பெண், பீனமுண்டே என்ற ஜெர்மன் கடலோரச் சோதனைத் தளத்தின் வான்படத்தை லென்ஸ் வைத்துத் துருவிக்கொண்டிருக்கிறார். சாய்தளம் ஒன்றின் மேல் சிலுவை போல ஒரு புள்ளி. ஆளில்லாமல் பறந்துவந்து லண்டனில் விழவிருந்த வி-1 குண்டு அது. அதன் இறக்கை அகலம் ஐந்து மீட்டர் சொச்சம். பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய படத்தில் அரை மில்லிமீட்டர்தான் தேறும்.

கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்பது அவர் பெயர். போருக்கு முன் தொப்பி வடிவமைப்பாளர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். பிறகு விமான இதழொன்றில் எழுதியவர். உளவுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் ஒரு விமானத்தின் வாலைப் பார்த்தே வகை சொல்லத் தெரியும். விமானப்படைக்கு வேண்டியிருந்தது அந்தக் கண்தான்.

இப்படித் தட்டையான வான்படத்தில் பொருள்களின் உயரம் எப்படித் தெரிந்தது என்பது இன்னும் சுவாரசியம். நம் இரு கண்களுக்கு நடுவே ஆறேழு சென்டிமீட்டர் இடைவெளி. ஆளுக்கொரு கோணத்தில் அவை பார்ப்பதை மூளை சேர்த்துப் பார்த்து ஆழத்தைக் கணிக்கிறது. தொலைவு கூடக்கூட இந்த வித்தை பலிக்காது. ஒன்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து விமானிக்குத் தரை வெறும் தட்டைதான். கேமராவோ, விமானம் நகர நகர, முந்தைய படத்தின் பாதிக்கு மேல் அடுத்ததிலும் விழும்படி எடுத்துக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பின் அடியில் வைத்து, கண்ணுக்கு ஒன்றாகப் பார்த்தால், நம் கண்கள் பல நூறு மீட்டர் தள்ளித்தள்ளி இருப்பதாக மூளை ஏமாந்துவிடும். கட்டடங்கள் உள்ளதைவிட உயரமாக எழுந்து நிற்கும்.

இந்த வேலைக்குத் தொல்லியலாளர்களையும் தேடிப் பிடித்தார்கள். புத்திசாலித்தனமான தேர்வு என்பேன். புதைந்த அகழிக்கு மேலே ஈரம் தங்கும், பயிர் செழிக்கும். புதைந்த சுவருக்கு மேலே பயிர் குன்றும். வானிலிருந்து பார்த்தால் அது கோடு கோடாகத் தெரியும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. கிளறிய மண்ணையும் புதிதாகத் தேய்ந்த தடத்தையும் அவர்களிடம் மறைப்பது கடினம். பீரங்கியை வலைபோட்டு மூடிவிடலாம். அதை நோக்கி நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையை என்ன செய்வது? கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியரான டோரதி கேரட்கூட அங்கே சீருடையில் உட்கார்ந்து படம் பார்த்தார்.

கிளின் டேனியல், ஸ்டூவர்ட் பிகட் என்ற இரு தொல்லியலாளர்களை இதே வேலைக்காக இந்தியாவுக்கே அனுப்பினார்கள். பிகட், டெல்லியில் கிடைத்த ஓய்வு நேரத்தை இந்தியத் தொல்பொருள்களோடு கழித்தார். வரலாற்றுக்கு முந்தைய இந்தியா பற்றிய அவரது நூல் 1950இல் வெளிவந்தது. அதைப் படித்த மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், அவரை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தது உளவு வேலை என்று!