செயின்சாவுக்குப் பெட்ரோலும் ஆயிலும் கலக்கும் முறை

சவுக்கு, தைலமரம் வெட்டவும், காய்ப்பு ஓய்ந்த தென்னையை அகற்றவும் செயின்சா எனப்படும் விசை வாளை இன்று பல விவசாயிகள் சொந்தமாகவே வைத்துள்ளனர். பெட்ரோலில் ஓடும் செயின்சாக்கள் பொதுவாக இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. டிராக்டர் எஞ்சினில் இருப்பதுபோல் இதன் அடியில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. பெட்ரோலுடன் கலந்து செல்லும் ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் ஆகியவற்றின் தேய்மானத்தைத் தடுக்கிறது. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வாளின் மற்றொரு தொட்டியில் ஊற்றும் சங்கிலி ஆயில் எஞ்சினுக்குள் செல்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

மொபெட் ஓட்டிய பழக்கத்தில் சிலர் ஆயிலைக் கண்ணளவாக ஊற்றுகின்றனர். செயின்சா எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக் கூடியது. அதற்குக் கண்ணளவு உதவாது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 40:1 என்றால் 25 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. ஆயில் சேர்க்க வேண்டும். கம்பெனியின் சொந்த ஆயிலுக்கு 50:1, பிற டூ-டி ஆயிலுக்கு 25:1 எனச் சில கையேடுகள் கூறுகின்றன. ஆயில் கூடினால் புகை வரும், பிளக்கிலும் சைலன்ஸரிலும் கரி படியும். கரியைச் சுரண்டிவிடலாம்; கீறல் விழுந்த சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். டப்பாவில் 'ஜாசோ எஃப்.டி.' எனக் குறித்த ஆயில் நல்லது. கார், டிராக்டர் எஞ்சின் ஆயிலைக் கலக்கவே கூடாது.

ஊசி நீக்கிய 20 மி.லி. சிரிஞ்சு அளப்பதற்கு மிக வசதியானது. சுத்தமான கேனில் பாதி பெட்ரோல் ஊற்றி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்ற வேண்டும். வாளின் டேங்கிலேயே கலப்பது தவறு.

இப்போது மற்றொரு சிக்கலும் உண்டு. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. பல செயின்சா கையேடுகளோ 10 சதவிகிதம் வரைதான் அனுமதிக்கின்றன. ஆகவே புதிதாக வாங்குவோர் இதைக் கடைக்காரரிடம் கேட்டறிவது அவசியம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. தண்ணீர் அதிகம் சேர்ந்தால் அது எத்தனாலுடன் அடியில் பிரிந்து தங்கிவிடும். ஆயிலோ மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியில்தான் கிடக்கிறது. அளவு சரியாக இருந்தும் எஞ்சினுக்கு ஆயில் கிட்டாமல் போவது இவ்வாறுதான்.

எனவே அன்றன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நலம். வேலை முடிந்து பல நாள் வைப்பதானால், எஞ்சின் ஆறிய பின் டேங்கைக் காலி செய்து, மீண்டும் ஓட்டித் தானாக நிற்கவிட வேண்டும். இல்லையேல் கார்புரேட்டரின் ரப்பர் சவ்வும் குழாயும் கெடும்.

விசைத்தெளிப்பான், புல்வெட்டி ஆகியவற்றின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கும் இம்முறையே பொருந்தும். ஆனால் கலவை அளவு வேறுபடலாம். அப்படியானால் தனித்தனிக் கேன் வைத்து, அளவையும் கலந்த தேதியையும் அதன்மேல் எழுதி வைக்கவும்.